பிரபாவதி சொன்ன காரணம்

அணுபுரம் குடியிருப்பில் அன்று காலையும் பார்த்தசாரதி, மனைவி வைத்த காபியைத் தொடாமல் எழுந்தார். பள்ளி திறந்த நாளிலிருந்து அவர் பிரபாவதியுடன் பேசுவதில்லை. மகள் சஹானாவிடம் மட்டும் சிரித்துப் பேசுவார்.

பத்தாம் வகுப்புக்குப் போகும் பெண்ணைப் பெரிய தனியார் பள்ளியிலிருந்து எடுத்து, பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தவள் பிரபாவதி. தினமும் செங்கல்பட்டு வரை குழந்தை பஸ்ஸில் அலைய வேண்டாமென்று தானே முடிவெடுத்ததாகச் சொல்லிவிட்டாள். ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சுஜாதாவுக்கு அது ஆறவேயில்லை.

"பொண்ணு படிப்பைக் கெடுத்துட்டு, எப்படி அண்ணி உங்களுக்குச் சாமி கும்பிடத் தோணுது?"

பிரபாவதி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்…

மகளை வேறொரு தனியார் பள்ளிக்கு மாற்றிவிடும் தீர்மானத்தோடு பார்த்தசாரதி அன்று அரசுப் பள்ளிக்குப் போனார். வகுப்பாசிரியை எல்லம்மாள் செய்யூர்க்காரர். பார்த்தசாரதியை உட்காரவைத்துப் பேசினார்.

"ஒரு எடத்துல உக்காராது சார் உங்க பொண்ணு. பாதி பாடத்துல எழுந்து நடக்கும். அதான் பீரியடுக்கு மணி அடிக்கிற வேலைய அதுங்கிட்ட குடுத்துட்டேன். இப்ப அடிச்சிட்டு வந்து, கம்முனு கணக்கு போட்டுகினு கீது."

பழைய பள்ளியில் ஒருவரும் இப்படிக் குறை சொன்னதில்லையே என்றார் அவர். எல்லம்மாள் தயங்கித்தான் சொன்னார். நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டுமென்று சில பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு அனுப்பிவிடுவார்களாம். தாயைத் தனியே அழைத்து, சொந்த விருப்பத்தில் டிசி கேட்பதாகச் சொல்லவைப்பார்களாம்.

"உங்க வூட்டம்மாவும் அழுதுகினேதான் வந்தாங்க. நாங்க யாரையும் அனுப்ப மாட்டோம் சார். இங்கேர்ந்தும் அனுப்பிட்டா புள்ளைங்க எங்க போவும்?"

பார்த்தசாரதி எழுந்து அந்த அம்மாளைக் கைகூப்பி வணங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"அவங்கதான் அனுப்பினாங்களா, பிரபா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க அங்க போய்ச் சண்டை போட்டிருப்பீங்க. தன்னை வேணாம்னுட்டாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோயிருக்கும். அப்புறம் புஸ்தகத்தையே தொட்டிருக்க மாட்டா… கோவமெல்லாம் எம்மேலதானே? அவகிட்ட சிரிச்சுப் பேசினீங்கல்ல, அது போதும்னு இருந்துட்டேன்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த சுஜாதா ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "என்னை நாலு அடி அடிச்சிருக்கலாமே அண்ணி…"

வாசலில் சஹானாவின் குரல் கேட்டது. மூவரும் அவசரமாகக் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அப்பா, எங்க மிஸ்ஸைப் பார்த்தீங்களாமே! என்ன சொன்னீங்க?"

பார்த்தசாரதி மனைவியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"உங்கம்மா நல்ல பள்ளிக்கூடமாத் தேடிச் சேர்த்திருக்கான்னு சொல்லிட்டு வந்தேம்மா."