குறையாத பெட்டி

நாப்கின் பெட்டி குறையவே இல்லை. முன்பெல்லாம் வந்த அன்றே அடிதடியாகி, மறுநாள் பெண்கள் துணியைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள். அந்த அறைக்கு வரும் பொருள்களைப் பங்கிடுவது தையல்காரியின் வேலை. அடைத்துப்போட்ட இடத்தில் இதுவும் ஒரு பதவி என்று பக்கத்துக் கட்டில் வாயாடி கிண்டலடிப்பாள். இப்போது பெட்டி கதவோரம் திறந்தே கிடக்கிறது, யாரும் கேட்பதில்லை.

தையல்காரி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருமே எல்லை தாண்டும்போது பிடிபட்டவர்கள். இந்தப் பயத்திலும் உப்புச்சப்பில்லாத சாப்பாட்டிலும் மாதாமாதம் வருவது ஒழுங்காக வருமா என்ன?

"அதுக்கும் விசா கிடைக்கல போல, அக்கா" என்றாள் வாயாடி.

ஒரு நாள் வாயாடிக்கு வயிற்று வலி வந்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய், தொப்புளைச் சுற்றி மூன்று பிளாஸ்திரியோடு கொண்டுவந்து போட்டார்கள். வாயை மூடத் தெரியாதவள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். ஒரு மத்தியானம், திரும்பாமலே பேசினாள்.

"கட்டின்னு சொல்லி மயக்க ஊசி போட்டாங்க. முழிச்சதும், புள்ள பெத்துக்கலாமான்னு கேட்டேன். கர்ப்பப்பையே எடுத்தாச்சே, அப்புறம் எங்க பெத்துக்கறதுன்னு சிரிக்கிறா அந்த நர்ஸ்."

"நீ சரின்னியா?"

"யாரு கேட்டா?"

தையல்காரி கட்டில்களைப் பார்த்தாள். எல்லோரும் ஒரு தடவை ஸ்ட்ரெச்சரில் போய்வந்தவர்கள்; ஒவ்வொருத்தியும் அடிவயிற்றில் கை வைத்துப் படுத்திருந்தாள். இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படவில்லை? வரும் வழியில் தையல்காரிக்கு ஒரு கரு கலைந்திருந்தது. "வெளிய வந்துடு, மறுபடி பெத்துக்கலாம்" என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து புருஷன் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள்.

கரு கலைந்த பிறகு நின்றிருந்தது வருவதுபோல், அன்றைக்கே அவளுக்கு இடுப்பு கடுக்கத் தொடங்கியது.

பெட்டியில் கை வைக்க முடியாது. நர்ஸ் வரும்போதெல்லாம் அதை எட்டிப் பார்ப்பது, தீர்ந்தால் நிரப்பத்தான் என்று நினைத்திருந்தாள்; ஒரு பாக்கெட் குறைந்தாலும் இந்த அறையில் இன்னும் ஒருத்தி மிச்சமிருக்கிறாள் என்று தெரிந்துவிடும் என்பது இப்போதுதான் உறைத்தது. படுக்கை விரிப்பின் ஓரத்தைச் சத்தமில்லாமல் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் ஓயாமல் ரீங்கரிக்கும் விளக்கையும், நடைபாதையில் எங்கோ கிறீச்சிடும் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். பினாயில் நெடிக்கு அடியிலிருந்து அவளுடைய ரத்தத்தின் வாடை மெல்ல எழுந்து, கட்டில் கட்டிலாகப் போவது போலிருந்தது.

வாயாடி எழுந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். அப்புறம் அடுத்தவள். அதற்கடுத்தவள். எல்லோரும் தையல்காரியின் மடியைப் பார்த்தார்கள்.

"அக்கா, உனக்கு வந்திருக்கா?"

"மெதுவா பேசுடி. உன் கால்ல விழறேன்."

"உனக்கு மட்டும்" என்றாள் வாயாடி.

சக்கரம் பக்கத்து அறையைத் தாண்டியது. இந்தக் கதவில் நின்றது.

நர்ஸ் பெட்டியை எட்டிப் பார்த்தாள். நிறைந்திருந்தது. திருப்தியாகத் தலையாட்டினாள். வெளியே போகத் திரும்பினாள். ஒரு அடி. இன்னொரு அடி.

"இந்த அக்காவுக்கு வயித்து வலி."

வாயாடியின் விரல் நீண்டிருந்தது. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? சின்னக் கட்டியாத்தான் இருக்கும்" என்றாள் நர்ஸ்.

"எனக்கு ஒண்ணுமில்ல. சத்தியமா ஒண்ணுமில்ல."

பெண்கள் கட்டில்களை விட்டு இறங்கினார்கள். ஒரு கையால் அவரவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவளைப் பிடித்தார்கள். வலிக்காமல்தான் பிடித்தார்கள். வாயாடி அவள் தலையை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

நர்ஸ் அவசரப்படவில்லை. குனிந்து பெட்டியின் வாயை மூடி, அதை ஸ்ட்ரெச்சரின் அடித்தட்டில் வைத்தாள்.

"இனிமே இந்த ரூமுக்கு இது எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே, மேலே வெள்ளைத் துணியை விரித்தாள்.