தூண்டில் கேள்வி

வினாவி என்கிற கேள்விப் பெட்டி கேட்டதற்கெல்லாம் இளவேனி உள்ளதைத்தான் சொன்னாள். தெரிந்ததைத் தெரியும் என்றாள், தெரியாததைத் தெரியாது என்றாள். அப்படியும் சாயங்காலம் பள்ளிக்கூடச் சுவரில் ஓடிய பலகையில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு வந்துவிட்டது. நம்பத்தகாதவள் என்று அர்த்தம்.

அவளைக் கவிழ்த்த கேள்வி இதுதான்: கடல்மதிலின் மூன்றாம் வளைவு கட்டும்போதே சரிந்து, வேலையாட்கள் காங்கிரீட்டுக்குள் புதைந்துபோனார்கள். இது உனக்குத் தெரியுமா?

தெரியும் என்றாள் இளவேனி. அவளுடைய அம்மா தெய்வானை அதற்குள்தான் இருக்கிறாள்.

மறுநாள் மதியம் தலைமையாசிரியர் ஜெபமணி ஆள் அனுப்பினார். இளவேனியின் அப்பா முனிரத்தினம் கம்பி கட்டும் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே போனான். கையெல்லாம் துரு. நாற்காலியில் உட்காரத் தயங்கி ஓரமாக நின்றவனை, உட்காருப்பா, நாற்காலி கழுவினா போயிடும் என்று ஜெபமணிதான் உட்காரவைத்தார். மேசைமேல் வினாவி இருந்தது. மூன்றடுக்கு டிபன் கேரியர் உயரம். பேசினால் பேங்கில் பேசும் பெண்பிள்ளை மாதிரி குரல்.

அது எதற்கு வந்தது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். முன்பெல்லாம் வருஷா வருஷம் கணக்கெடுப்பு நடக்கும். பிள்ளைகளுக்குச் சரித்திரமே தெரியவில்லை என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். வேறொருத்தர் எடுத்தால் எல்லாம் தெரிகிறது என்று வரும். பிள்ளைகள் என்ன செய்யும்? சீக்கிரம் முடித்தால் விளையாடப் போகலாம் என்று கை போன கட்டத்தில் டிக் அடித்துவிட்டு ஓடும். அதைக் கூட்டிக் கழித்துப் பெரியவர்கள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை நிறுத்தத்தான் வினாவி. நடந்த பல சங்கதிகளுக்கு நடுவில் நடக்காத ஒன்றைச் செருகிக் கேட்கும். தூண்டில் கேள்வி என்று பெயர். அதற்கும் தெரியும் என்று தலையாட்டுகிற பிள்ளை, மற்றதற்கும் சும்மாதான் தலையாட்டியிருக்கிறது என்று தள்ளிவிடும்.

“நடக்காதத அது எங்கேருந்து சார் எடுக்குது?”

அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம் என்றார் ஜெபமணி. பிசாசு வந்தது, மலை பறந்தது என்று கேட்டால் பிள்ளைகள் சிரித்துவிடும். நடந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால் அது யோசிக்கும். அந்த வருஷம் இத்தனை மழை, இத்தனை அவசரம், மண் இப்படி, ஆள் கூலி அப்படி. எல்லாம் சேர்ந்தால் இந்த இடம் சரிந்திருக்க வேண்டுமே என்று முடிவுக்கு வரும். அப்புறம் ஏட்டகத்தைத் தேடும். நாட்டில் எழுதினது, பேசினது, படம் பிடித்தது எல்லாம் சேர்த்துவைத்த இடம் அது. அதில் இல்லையென்றால் நடக்கவில்லை. தூண்டில் தயார்.

முனிரத்தினம் வினாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நடந்தது சார். மறுநா நீங்களே வந்து நின்னீங்களே.”

ஜெபமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னல் முழுக்க மதில்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மதில்தான்.

“ஏட்டகத்துல, தெய்வானை வேலையை விட்டுப் போயிட்டாங்கன்னு இருக்குப்பா. அன்னைக்கு இருந்த எல்லாருக்கும் அப்படித்தான் போட்டிருக்கு.”

“எங்க போனாளாம்?”

“அது போடல.”

இளவேனி மட்டுமில்லை, வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். மழை, கரெண்டு போனது, டீசல் பம்பு மட்டும் நிற்காமல் காங்கிரீட்டை ஊற்றிக்கொண்டே இருந்தது என்று ஒன்றுபோலச் சொன்னார்கள். ஒன்றுபோலச் சொன்னதே வினையாகிவிட்டது. இது வீட்டில் சொல்லிக்கொடுத்த கூட்டுப் பொய் என்று வினாவி முடிவுகட்டியது. மறுகேள்வி ஒன்று உண்டு. அதிலும் தெரியும் என்றால் நம்பகம் போனது போனதுதான். நம்பகம் இல்லாத பிள்ளைக்கு நகரத்து விடுதிப்பள்ளியில் இடம் கிடையாது. இளவேனிக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. மதில் காலனியிலிருந்து அந்த வாசலை மிதிக்கப்போகும் முதல் பிள்ளை அவள். போகாவிட்டால் அடுத்த வருஷம் அவளும் அப்பனோடு கம்பிதான் சுமக்க வேண்டும்.

வேலையிடத்தில் இதைக் கேட்ட கன்னியப்பன், வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான். அவனும் கம்பி கட்டுகிறவன்தான். அவன் மகன் கேள்வி நேரம் முழுக்கத் தூங்கியிருக்கிறான். எழுப்பி எழுப்பிக் கேட்டதற்கெல்லாம் தெரியாது தெரியாது என்றிருக்கிறான். பச்சை வந்துவிட்டது.

“படிச்சு படிச்சு உம் பொண்ணு பொய்காரி ஆயிட்டா. எம்புள்ளையப் பாரு, ஒரு எழவும் தெரியாது. ஊருக்கே அவந்தான் இப்ப யோக்கியன்” என்றான். சொல்லிவிட்டு, முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்து, கட்டுக்கம்பியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அவன் தம்பியும் மூன்றாம் வளைவுக்குள்தான் இருந்தான்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் முனிரத்தினம் மகளை மதிலோரம் உட்காரவைத்துப் பேசினான். அவன் பேச்சில் பாதி இருமல். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு வந்துவிடு என்றான். அவள் கேட்கவில்லை.

“எங்கம்மாவ நானே இல்லன்னு சொல்லணுமா நைனா?”

“இல்லன்னு சொல்ல வாணாம்மா. தெரியாதுன்னு சொல்லு போதும்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

அவனுக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு, உன்னைச் சுமை தூக்க வைக்கத்தான் உங்கம்மா அன்னைக்குச் சட்டி தூக்கினாளா என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. அதற்கப்புறம் இளவேனி சரி என்று மட்டும் தலையசைத்தாள்.

மறுகேள்வியில் அவள் தெரியாது என்றுதான் சொன்னாள். ஆனால் வினாவி மஞ்சள் காட்டியது. அது சொல்லை மட்டும் பார்ப்பதில்லையாம். கேள்வி முடிந்து பதில் தொடங்குவதற்குள் இருக்கிற இடைவெளியையும் பார்க்குமாம். தயக்கம் என்று அதற்கு ஒரு கணக்கு. நிஜமாகவே தெரியாத பிள்ளை தயங்காது. இளவேனி எச்சில் விழுங்கியிருக்கிறாள். ஜெபமணி மேலிடத்துக்கு எழுதிப்போட்டு இன்னொரு தவணை வாங்கிக்கொடுத்தார். பழக்குப்பா, பழகினா வந்துடும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

முனிரத்தினம் பழக்கினான்.

அவள் உலை வைக்கும்போது கேட்டான், தலை சீவும்போது கேட்டான். சும்மாயிருக்கிற நேரத்தில் கேட்டால் தயாராகிவிடுகிறாள் என்று, வேறு பேச்சுக்கு நடுவில் செருகினான். தண்ணி வந்துச்சா? வந்துச்சு. ரேஷன்ல பருப்பு போட்டானா? போட்டான். மூணாம் வளைவு சரிஞ்சது தெரியுமா?

“தெரியாது.”

முதலில் கண் கலங்கும், அப்புறம்தான் வார்த்தை வரும். பிறகு கண் கலங்காமல் உதடு மட்டும் துடித்தது. தெய்வானை பற்றி வீட்டில் பேசினால் அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தயக்கம் கூடிப்போகிறது என்று கண்டுகொண்டான். அதனால் அந்தப் பேச்சை நிறுத்தினான். தெய்வானை மீன் குழம்பில் மாங்காயைக் கொட்டையோடு வெட்டிப் போடுவாள். அந்தக் குழம்பு மணம் வந்தாலும் பிள்ளை தடுமாறினாள். மாங்காய் போடுவதை விட்டார்கள். பிறகு குழம்பையே விட்டார்கள்.

ஒருநாள் அவன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். மூணாம் வளைவு என்று வாயெடுப்பதற்குள் தெரியாது என்று பதில் வந்தது. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். முகத்தில் ஒன்றும் இல்லை. முனிரத்தினம் வெளியே போய் மதிலில் கையை ஊன்றி வெகுநேரம் நின்றான். உச்சி வெயில். காங்கிரீட்டு கொதித்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே அவளுக்குப் பச்சை வந்தது.

விடுதிப்பள்ளிக்குப் போன முதல் வருஷம் லீவுக்கு வந்தாள். வந்தவள் மதில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றாள். அடுத்த லீவுக்கு வரவில்லை. அங்கேயும் வருஷா வருஷம் வினாவி வருகிறது.

“அங்க வந்தா மறுபடி தெரிஞ்சிடும் நைனா. இந்த வருஷக் கேள்வி முடியட்டும், வர்றேன்” என்றாள் போனில்.

அந்த வருஷம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. போனும் குறைந்தது. பேச்சு மாறிப்போய், நைனா என்கிற வார்த்தை அப்பா ஆனது. நல்லாயிருக்கிறேன், நல்லாயிருக்கிறீர்களா. அவ்வளவுதான். அவள் படித்தாள், வேலைக்கும் போனாள் என்று அவனுக்குச் சந்தோஷம்தான். கேட்கிறவர்களிடம் சொல்வான். கேட்கிறவர்கள் இல்லாதபோது ஒன்றும் சொல்ல மாட்டான்.

காலனியில் மற்ற வீடுகளிலும் அதே பாடம்தான் நடந்தது. சிவப்பு வாங்கிய பிள்ளைகளை அப்பன் ஆத்தாள் எல்லோரும் பழக்கினார்கள். சின்னதுகள் அதைக் கேட்டுக் கேட்டு, கேள்வியும் பதிலுமாகத் திண்டாட்டம் இல்லாமல் ஒப்பிக்கக் கற்றுக்கொண்டன. அதற்குப் பின்னால் பிறந்ததுகளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. சொன்னால்தானே பழக்கி மறக்கடிக்க வேண்டும்? அந்தப் பிள்ளைகள் தெரியாது என்று சொன்னபோது அது நிஜம். மதில் காலனிப் பள்ளிக்கூடத்துக்கு முழு நம்பகம் என்று பாராட்டுப் பலகை வந்தது. ஜெபமணி ஓய்வு பெறுவதற்கு முன்னால் அதை மாட்டினார். மாட்டிய நாளில் அவர் அதைப் படித்துக்காட்டவில்லை.

இத்தனை திருத்தமாக வேலை செய்த தூண்டிலை வீணாக்குவானேன் என்று வேறு ஊர்ப் பள்ளிகளிலும் அதையே கேட்டார்கள். லட்சம் லட்சமாகப் பிள்ளைகள் தெரியாது என்றார்கள். அதையெல்லாம் கூட்டி, மூன்றாம் வளைவு எக்காலத்திலும் சரியவில்லை என்று ஏட்டகத்தில் ஏற்றிவிட்டார்கள். முன்பு அது வெறுமனே எழுதாமல் விட்ட சங்கதி. இப்போது நடக்கவில்லை என்று எழுதிவைத்த சங்கதி ஆகிவிட்டது.

கடல் அதற்கெல்லாம் நிற்கவில்லை. ஏறிக்கொண்டே வந்தது. மதிலை இன்னும் உயர்த்த வேண்டும் என்று உத்தரவு ஆனது. பழைய மதில் தலையிலேயே புதுப் பாளங்களை ஏற்றுவது என்று தீர்மானம். முனிரத்தினத்துக்கு அப்போது முதுகு நேராக நிற்காது. ஆனாலும் கம்பி கட்டக் கூப்பிட்டார்கள், போனான். மூன்றாம் வளைவின் அடியில் ஈரம் பூத்திருந்ததைப் பார்த்தான். கொக்கியால் தட்டினான். ஒரு இடத்தில் கெட்டியான சத்தம் வந்தது. பக்கத்தில் பானையைத் தட்டின மாதிரி வந்தது. இங்கேதான் என்று நினைத்துக்கொண்டான். கொக்கியை இடுப்பில் செருகிவிட்டு இன்ஜினியரைத் தேடிப் போனான்.

சின்ன வயசுப் பையன். மரியாதை தெரிந்தவன். ஐயா என்றுதான் கூப்பிட்டான், குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். பாரம் ஏற்றுவதற்கு முன்னால் பழைய வேலையாட்களை வினாவி விசாரிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, நல்லவேளை நீங்களே வந்தீர்கள் என்றான். பெட்டியை முனிரத்தினத்தின் முன் வைத்தான். அதே டிபன் கேரியர். அதே பெண்பிள்ளைக் குரல்.

அது பேர், ஊர், வேலைக்கு வந்த காலம் எல்லாம் கேட்டது. பிறகு கேட்டது.

“மூன்றாம் வளைவு முன்பு எப்போதாவது சரிந்தது உங்களுக்குத் தெரியுமா?”

மகளுக்காக எத்தனையோ வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன். இப்போது அவளுக்கு ஒரு கெடுதலும் வராது, அவள் எங்கேயோ நல்ல இடத்தில் இருக்கிறாள். மதிலுக்கு இந்தப் பக்கம் காலனி இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது.

“தெரியும்” என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். மழை, கரெண்டு போனது, பம்பை நிறுத்து நிறுத்து என்று கத்தினது, யாரும் நிறுத்தாதது. சென்ட்ரிங் பலகையும் ஆட்களுமாக உள்ளே போய்விட்டார்கள், அதற்கு மேலேயே ஊற்றி மூடிவிட்டார்கள், அதனால் உள்ளே பொள்ளல், வெறும் பொந்து, பாரம் தாங்காது தம்பி என்றான். தெய்வானையின் பேரைச் சொன்னான். சத்தமாக அந்தப் பேரைச் சொல்லி எத்தனை காலம் ஆகியிருந்தது. நாக்கு பழகாத மாதிரி இருந்தது.

வினாவி நிதானமாகக் கேட்டுக்கொண்டது. அப்புறம் பேசியது. இது பலகாலம் சோதித்துப் பார்த்த தூண்டில், இதை மறுத்தவர்களில் இறந்ததாக இவர் சொல்லும் பெண்ணின் மகளும் உண்டு, அவர் அப்போது முழு நம்பகம் பெற்றவர், அவர் பதிலைக் கேட்கலாம் என்றது. யாரும் போடு என்று சொல்வதற்குள் போட்டுவிட்டது.

“தெரியாது.”

பதின்மூன்று வயதுப் பிள்ளையின் குரல். கேள்வி முடிந்த கையோடு வந்தது. இடையில் ஒரு மூச்சுகூட இல்லை.

இன்ஜினியர் பையன் அவன் தோளில் மெல்லக் கைவைத்தான். வயசானால் இப்படி நினைவு குழம்புவது உண்டு என்றான். “சொந்தப் பொண்ணே சொல்லியிருக்கே ஐயா” என்றான். அதில் கேலி இல்லை. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். கிரேன் முதல் பாளத்தைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் வளைவுப் பக்கம் திரும்பியது.

முனிரத்தினம் எழுந்துகொள்ளவில்லை. கிரேனையும் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி,” என்றான், “அத இன்னொரு தடவ போடச் சொல்லுங்க.”