முப்பத்தொன்றாம் எண் பெட்டி

சேவை எழவில்லை. அதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. காலையில் அடித்த புயலில் மின்சாரம் போய் வந்திருந்தது. அப்படிப் போய் வந்தால் சர்வரில் ஏதாவது ஒன்று முரண்டு பிடிப்பது வழக்கம்தான். குன்வோரை உறுத்தியது, திரை சொன்ன காரணம். அழைப்புகள் வந்து சேரும் வாசலில் ஏற்கெனவே வேறு ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறதாம். அந்தச் சர்வரில் அந்த வாசலைத் தொடக்கூடியது வேறு எதுவும் இல்லை. பதினோரு வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவள் அவள் ஒருத்திதான்.

மதியம் இரண்டு மணி. துருவத்தை ஒட்டிய அந்தத் தீவில் சூரியன் தலைகாட்டி மூன்று வாரமாகிவிட்டது. இனி ஜனவரி கடைசியில்தான் வரும். ஊராட்சி அலுவலகத்தின் நிலவறையில், சூடான தூசியும் கடல் உப்பும் கலந்த வாடையில், விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. கைப்பேசி அடித்தது. வீட்டுச் செவிலி ஒட்ரூன்.

"என்னடி ஆச்சு? எண்பத்தாறு கிழங்களும் கழுத்துல அந்தப் பட்டனைப் பாசிமணி மாதிரி சும்மா மாட்டிக்கிட்டு உக்காந்திருக்குங்க."

"அரை மணி நேரம் குடு ஒட்ரூன்."

"அரை மணி நேரத்துல ஹில்மார் ரெண்டு தடவை விழுந்துடுவார்டி. நான் வீடு வீடா ஏறி இறங்கிட்டிருக்கேன். ரோடெல்லாம் வழவழன்னு பனி. சீக்கிரம் பாரு."

தீவில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஊராட்சி கொடுத்தது அந்தப் பட்டன். விழுந்தால் அமுக்க வேண்டும். வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டி விழித்துக்கொண்டு, அவர்கள் குரலைச் சர்வருக்கு அனுப்பும். சேவை அதை வாங்கி ஒட்ரூனின் கைப்பேசிக்குத் தள்ளும். அவ்வளவுதான். சேவை தூங்கினால், பெட்டி வெறும் பெட்டி.

வாசலைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று தேடினாள். பெயர் இல்லை. ஓர் எண் மட்டும்: 4117. நிறுத்தினாள். மறுபடி வந்தது. நிறுத்திய ஒன்று திரும்ப எழுந்தால் புது எண்ணோடுதான் எழும். இது அதே 4117. மூன்று முறை நிறுத்தினாள். மூன்று முறையும் அதே எண், அதே இடம்.

கடைசியில் சர்வரையே அணைத்தாள். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, காலையிலிருந்து காதில் ஊறியிருந்த இரைச்சல் வடிந்து போனபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. பாத்திரத்தில் விழுகிற தண்ணீர். அந்த நிலவறையில் குழாய் கிடையாது.

அவசரமாகச் சர்வரை மறுபடி போட்டாள். இரைச்சல் திரும்பி வந்து சொட்டுச் சத்தத்தை மூடியது. 4117 அங்கேயே இருந்தது. இந்த முறை அதற்குள் நுழைந்து பார்த்தாள். ஒரே ஓர் அழைப்பு. இன்னும் யாரும் எடுக்காத அழைப்பு. அது முடியாததால்தான் வாசல் திறக்கவில்லை.

பெட்டி எண் 31.

குன்வோர் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அலமாரியில், வயர் சுற்றிய நிலையில், முப்பத்தொன்றாம் எண் பெட்டி தூசி படிந்து கிடந்தது. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், சமையலறைச் சுவரிலிருந்து அவள்தான் அதைக் கழற்றி வந்தாள்.

அழைப்பு தொடங்கிய நேரம்: மார்ச் 14, மாலை 4:52.

அந்த நேரம் அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அன்று அவள் சர்வரைப் புதுப்பித்துவிட்டு, சேவை எழவில்லை என்று சிவப்பாகக் காட்டியதைப் பார்த்தும், தானாகவே எழுந்துவிடும் என்று கோட்டை மாட்டிக்கொண்டு துறைமுகக் கடைக்குப் போனாள். அங்கே பழைய தோழி ஒருத்தியைப் பார்த்தாள். காபி குடித்தார்கள். சிரித்தார்கள். திரும்பி வந்து ஒரு கட்டளை தட்டியதும் சேவை எழுந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவைச் சமையலறைத் தரையில் பார்த்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்ததாம். சேவை தூங்கிய அந்த நேரத்துக்குள் அம்மா இருபத்திரண்டு தடவை பட்டனை அமுக்கியிருந்தாள்; அதற்குப் பிறகு அமுக்கவே இல்லை. சர்வர் பதிவேட்டில் இருந்த அந்த இருபத்திரண்டு வரிகளையும் குன்வோர் தன் கையால் அழித்தாள். அடக்கத்தின்போது எல்லோரும் அவள் தோளைத் தட்டி, "கஷ்டப்படாமப் போயிட்டாங்க" என்றார்கள். அவள் தலையாட்டினாள்.

ஹெட்போனை மாட்டினாள். அழைப்பை எடுத்தாள்.

முதலில் வானொலி. யாருக்காகவோ மெல்லிய குரலில் கடல் காற்றின் வேகத்தை வாசித்துக்கொண்டிருந்தது. பிறகு சொட்டு. பிறகு, தரைக்கு மிக அருகிலிருந்து, ஒரு மூச்சு.

"யாராவது இருக்கீங்களா? ரொம்ப நேரமா அமுக்கிக்கிட்டே இருக்கேங்க. விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல."

குன்வோர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குன்னா? நீதானே? நீ மூச்சு விடுறது எனக்குத் தெரியாதா?"

"அம்மா..."

"தரை ரொம்பக் குளிருதுடா கண்ணு. எப்ப வர்றே?"

ஒன்பது மாதம். ஒன்பது மாதமாக அந்தத் தரையில்.

"இதோ வந்துட்டேம்மா. இதோ."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். குன்னா அங்கதானே வேலை பாக்குறா, அவ எடுத்துடுவான்னு." மூச்சு வாங்கினாள். "யாரும் எடுக்கலடா."

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. குன்வோர் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள்.

"ஹில்மார் கதவைத் தெறக்கலடி!" ஒட்ரூனின் குரலில் காற்று இரைந்தது. "உள்ள விளக்கு எரியுது. தட்டித் தட்டிக் கை வலிக்குது. சேவை வந்தாத்தான் பெட்டியில கூப்பிட்டுப் பாக்க முடியும். என்னதான் பண்றே அங்க?"

"ஒரு... ஒரு அழைப்பு இருக்கு ஒட்ரூன். அதை வச்சாத்தான்..."

"அப்ப வைடி!"

மறு காதில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வச்சிடாத குன்னா."

குன்வோர் அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

"இன்னொரு தடவை வேணாம்டா. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிரு. அது போதும்."

உள்ளே ஒரு கிழவர் விழுந்து கிடக்கலாம். இன்னும் எண்பத்தைந்து பேர் இருக்கிறார்கள்.

"மன்னிச்சிடும்மா."

துண்டித்தாள்.

4117 திரும்பி வரவில்லை. சேவையைத் தொடங்கும் கட்டளையைத் தட்டினாள். எழுந்தது. பச்சை. ஒரு குழப்பமும் இல்லாமல், ஒன்றுமே நடக்காதது போல.

உடனே முதல் அழைப்பு வந்தது; ஒட்ரூனுக்குத் தள்ளாமல் அவளே எடுத்தாள். ஹில்மார்.

"ஹில்மார்! விழுந்துட்டீங்களா?"

"நான் விழலம்மா." கிழவரின் குரல் நடுங்கியது. "ஒரு பொம்பளை விழுந்து கெடக்குறா. என் சமையக்கட்டுல. எப்படி வந்தான்னே தெரியல. தூக்கலாம்னா ஐஸ் மாதிரி இருக்கா."

குன்வோர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உன் பேரைச் சொல்றாம்மா."

திரையில் அடுத்த வரி சிவந்தது. தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டு போர்க்ஹில்ட். "என் அடுப்புக்கிட்ட யாரோ கெடக்குறாங்க, சீக்கிரம் வாங்க." அடுத்தது. அடுத்தது. நாற்பது. அறுபது. எண்பத்தாறு வரிகளும் சிவப்பு. எல்லாக் குரல்களுக்கும் பின்னால் ஒரே சொட்டு. எல்லாக் குரல்களுக்கும் பின்னால் ஒரே கேள்வி, ஒரே குரலில்.

எப்ப வர்றே?

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். படிகள். நடைபாதை. கோட்டு இல்லாமல் பனிக்குள்.

புயல் அடங்கியிருந்தது. சற்று முன்வரை இரைந்த காற்றும் நின்றிருந்தது. மதிய இருட்டில் துறைமுகத்தைச் சுற்றிச் சரிவில் ஏறிய வீடுகளின் சமையலறை ஜன்னல்கள் மஞ்சளாக ஒளிர்ந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் வயதான ஒருவர். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் தலை குனிந்து, தங்கள் காலடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குன்வோர் தெருவின் நடுவில் நின்றாள். எந்த வீட்டுக்கு ஓடுவது?

அப்போது, கண்ணுக்கு எட்டிய அத்தனை ஜன்னல்களிலும், கீழ்ச்சட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மெலிந்த வெள்ளைக் கை எழுந்தது. விரல்கள் விரிந்தன. யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று, அது அப்படியே காற்றில் நின்றது.