சட்டையின் உள்பக்கம்

வாயாடிக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் வாழ்கிறது. தெரு முழுக்க அவள் வாயாடி.

அவளுடைய அம்மா தையல்காரர். தைக்கும் துணி அடுத்த தெருத் தறிக்கூடத்திலிருந்து வரும். அங்கே ஏழு பெண்கள் நெய்கிறார்கள். பள்ளி விட்டதும் வாயாடி அங்கேதான் போய் உட்காருவாள். ஏழு தறிகளும் தடதடக்கும் சத்தத்தில் அவள் பேச்சு யார் காதிலும் விழாது. விழாவிட்டாலும், அந்த ஏழு பேரில் மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணாடி அக்கா மட்டும் தலையாட்டிக் கேட்பார். அதனாலேயே அந்த அக்கா என்றால் அவளுக்கு உயிர்.

அவருக்குத்தான் இப்போது கஷ்டகாலம். மற்றவர்கள் இரண்டு முழம் நெய்யும் நேரத்தில் அவர் ஒரு முழம்தான் நெய்வார். கூடத்தை நடத்தும் பெரியக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை முதல் அந்தத் தறி வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார். கண்ணாடி அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு நெய்யத் தொடங்கினார். வாயாடிக்குத்தான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒரு நர்ஸ் தையல் கடைக்கு வந்தார். கையில் ஒரு குட்டிச் சட்டை. போன மாதம் அம்மா தைத்துக் கொடுத்ததுதான். தோலெல்லாம் புண்ணாகி, எதைப் போட்டாலும் அரிக்கிறது என்று அழுதுகொண்டிருந்த ஒரு பையன், இதைப் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரியில் நிம்மதியாகத் தூங்கினானாம்.

"இங்க வாங்கின மத்த சட்டையும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு மெத்துன்னு இல்ல," என்றார் நர்ஸ். "எங்க வார்டுக்கு முப்பது சட்டை வேணும். இதை நெய்தவங்களே நெய்யணும். அவங்களைப் பார்த்து ஒரு நன்றியும் சொல்லணும்."

அம்மா கையை விரித்தார். ஏழு பேர் துணியும் ஒரே கட்டாகத்தான் வரும். எது யாருடையது என்று எப்படிச் சொல்வது?

வாயாடி அதிசயமாக வாயே திறக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். துணி மாறிவிடாமல் இருக்க, நெய்கிறவர்கள் ஓரத்தில் ஆளுக்கொரு நிறத்தில் ஒரே ஒரு நூல் விடுவார்கள். தினமும் அவள் பார்ப்பதுதான். அம்மாவோ துணி வீணாகக் கூடாது என்று அந்த ஓரத்தை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைப்பவர்.

சட்டையை வாங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். பக்கத் தையலை விரித்துப் பார்த்தாள். மஞ்சள் நூல்.

"இது கண்ணாடி அக்காவோடது," என்றாள். அப்புறம் வாய் நிற்குமா? திங்கட்கிழமை விஷயத்தையும் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"கொஞ்ச நேரம் வாயை மூடினா மூளை எப்படி வேலை செய்யுது பாரு," என்று அம்மா அவள் தலையைக் கோதினார்.

மூவரும் தறிக்கூடத்துக்குப் போனார்கள். நர்ஸ் சொல்வதைக் கேட்கத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெரியக்கா குட்டிச் சட்டையைத் தடவிப் பார்த்தார். மற்ற தறிகளில் இருந்த துணிகளையும் தடவிப் பார்த்தார்.

"நான் முழத்தை மட்டும்தான் பார்த்தேன். துணியைத் தொட்டுப் பார்க்கல. தப்பு என் மேலதான்," என்றார் கண்ணாடி அக்காவிடம். "இந்தத் தறி உன்னோடதுதான். முப்பது சட்டைக்கும் நீயே நெய். உன் வேகத்துலயே நெய். பதறாத காரியம் சிதறாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

நர்ஸ் கண்ணாடி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அந்தப் பையனுக்காக நன்றி சொன்னார்.

கண்ணாடி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். "மூணு வருஷமா நெய்யறேன். என் துணியை யாரு போட்டுக்கறாங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது. நான்தாங்க உங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றவர், வாயாடியை இழுத்து அணைத்துக்கொண்டார். "உனக்கும்தான்டி, கண்ணு."

வாயாடி அவர் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஒரே ஓட்டமாகத் தறிக்கூடத்துக்கு வந்தாள். ஆறு தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஏழாவது தறி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் கண்ணாடி அக்காதான் உட்கார்ந்திருந்தார்.