கன்னக்குழி

சோயா மெழுகு ஆறும்போது குழி விழுவது புதிதில்லை. ஆனால் அது திரியை ஒட்டித்தான் விழும். இந்தக் குழி திரிக்கு இடப்பக்கமாக, யாரோ சுண்டுவிரல் நுனியால் அழுத்தி எடுத்ததுபோலத் தனியாகக் கிடந்தது.

வாசுகி அந்தக் கண்ணாடிக் குவளையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். லாபிஸ் ஊரில் மதியத்திலிருந்தே மழை. பின்கட்டு சமையலறையின் தகரக் கூரையில் அது இடைவிடாமல் இரைந்துகொண்டிருக்க, அடுப்பில் வெந்நீர்ச் சட்டிக்குள் மெழுகுக் கிண்ணம் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருக்க, மல்லிகை எண்ணெயின் வாசம் சுவரிலும் துணியிலும் தொண்டையிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. மேசை முழுக்கக் குவளைகள். திரி சாயாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரே லேபிள்: தீபன் – ஷாமளா. பத்து நாளில் கல்யாணம். வருகிறவர்களுக்கு டோர் கிஃப்ட்.

"ஷாமி, இதுல குழி விழுந்திருக்கு."

"சோயா அப்படித்தாங்கா, உள்வாங்கும்," என்றாள் தங்கை. "மேல கொஞ்சம் ஊத்துனா சரியாயிடும் லா."

ஊற்றினாள். மெழுகு பால்போலப் பரவிச் சமமானது. ஷாமளா நிமிர்ந்து சிரித்தாள். இடது கன்னத்தில் மட்டும் அந்தக் குழி விழுந்தது. வலது கன்னத்தில் அவளுக்குக் குழி கிடையாது.

தீபன் இந்த வீட்டுக்கு முதலில் வந்தது வாசுகியைப் பெண் பார்க்க. பட்டுப்புடவை கட்டி அவள் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஷாமளா தொழிற்சாலைச் சீருடையோடு உள்ளே நுழைந்து, யாரென்று தெரியாமலேயே எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில், சின்னவளைக் கொடுப்பீர்களா என்று கேட்டு அனுப்பினார்கள். "அந்தக் கன்னக்குழியில விழுந்துட்டேன்," என்று நிச்சயத்தன்று அவன் சொல்ல, மண்டபமே சிரித்தது. வாசுகியும் சிரித்தாள். வயிறு எரிந்தது. அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

இப்போதும் எரிந்தது. லேபிளில் இருந்த இரண்டு பெயர்களையும் படித்துவிட்டு, தங்கை சரிசெய்து வைத்த குவளையைப் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைப் பரப்பு மெதுவாகத் தாழ்ந்தது. உள்ளேயிருந்து ஒரு வாய் உறிஞ்சியதுபோல மெல்லிய ஓசை.

அடுத்த குவளைக்குக் கண் போனது. அதுவும் தாழ்ந்தது. அதற்கடுத்தது. எல்லாமே திரிக்கு இடப்பக்கம்.

ஜன்னல் திட்டில் லேபிள் ஒட்டாத மெழுகுவர்த்தி ஒன்று இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு மணவறையை நினைத்தாள். தனக்கென்று மனத்துக்குள் போட்டு வைத்திருந்த இடத்தில் ஷாமளா உட்காருவதை நினைத்தாள். அந்த மெழுகும் குழிந்தது.

கண்ணு படும் என்பார்கள். பூசணிக்காய் உடைப்பார்கள், உப்பு சுற்றிப் போடுவார்கள். எல்லாம் அடுத்தவர் கண்ணுக்காக. அந்தக் கண் தன்னுடையதாக இருந்தால் என்ன செய்வதென்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. பயமாக இருந்தது. பயத்துக்குள்ளேயே துளி சந்தோஷமும் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அலமாக், எல்லாமே குழியா போச்சே. ஃபேன் காத்தா இருக்குமாக்கா?"

வாசுகி பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா வேலைக்குப் போன காலத்தில் ஷாமளாவுக்குச் சோறு ஊட்டியதும் தலை பின்னியதும் வாசுகிதான். இவளை மட்டும் பார்க்கக் கூடாது. சுவர் ஓடுகளைப் பார்த்தபடி கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினாள்.

போன் மணி அடித்தது. வீடியோ அழைப்பு. தீபன் சிங்கப்பூரில் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றுகொண்டு பேசினான். ஷாமளா சிரிக்கும் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே குழி விழுந்திருக்கும் என்று வாசுகிக்குத் தெரிந்தது.

"அக்கா, தீபன் பேசறாரு. ஹாய் சொல்லு."

"கை ஈரமா இருக்கு."

"அக்கா கோவமா இருக்காங்களா?" என்றது தீபனின் குரல்.

அக்கா. பெண் பார்க்க வந்தவன் வாயால் அக்கா.

காலடி நெருங்கியது. ஷாமளாவின் கை அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பியது. வாசுகி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொற, அக்கா. என்ன விளையாட்டு?"

"வேணாம் ஷாமி. போயிடு."

"அழறியா?"

அந்தக் குரலில் நிஜமான கவலை இருந்தது. கண் திறந்துவிட்டது.

ஷாமளாவின் முகத்தில் தீபனோடு பேசிய சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

குழி நிற்கவில்லை.

இறங்கியது. ரத்தம் இல்லை. விளிம்பில் தோல் வெளுத்து, வழவழப்பாக இருந்தது.

"கன்னத்துல என்ன ஷாமி?" என்றான் தீபன்.

ஷாமளா விரலை வைத்துப் பார்த்தாள். நகம் மறைந்தது. பிறகு முதல் கணு.

"வலிக்கலக்கா," என்றாள் சின்னக் குரலில்.

ஐயோ, என் பிள்ளை. அந்த நொடி எரிச்சல் முழுக்க அணைந்தது. குழியும் அப்படியே நின்றது. இப்படியே இருந்தால் போதும். இந்த இரக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

"ஒண்ணுமில்ல, பயப்படாத," தீபன் சொன்னான். "எப்படி இருந்தாலும் எனக்கு நீதான் ஷாமி."

வயிறு எரிந்தது.

கண்ணை மூடப் பார்த்தாள். இமை அசையவில்லை.

மெல்லிய ஓசை.

கன்னத்துக்குள் விரலை விட்டபடியே ஷாமளா அக்காவைப் பார்த்து நின்றாள். இதுவரை குழியே விழாத அவள் வலது கன்னம், மெதுவாக, உள்வாங்கத் தொடங்கியது.