அம்பத்திமூணு மணிக்கு ஒரு தீ!

'சிரிக்காதீங்க... அது என் அக்கா!'

டோரதியின் மனசுதான் கத்தியது.

தீயணைப்பு நிலையத்தின் போன் அறை. பதிவேட்டில் இருந்த ஒரு போன் குறிப்பைப் படித்து, ஜர்னலிசம் டிப்ளமோ மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கப் பதிவுகளில் செய்தி தேடுவது எப்படி என்று காட்ட, ஆசிரியர் ஸ்தனிஸ்லாஸ் அவர்களை அழைத்து வந்திருந்தார்.

போன் டியூட்டி ஹனீஃபா மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிங்க தம்பி, சிரிங்க! அந்த ஒரு போன் காலுக்குத்தான் எனக்கு மெமோ!"

"பாய்... முதல்லேர்ந்து சொல்லுங்க."

டோரதியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"போன அக்டோபர்ம்மா. தென்னூர்க் கடையிலேர்ந்து ஒருத்தர் அலறினார். 'ஸ்ரீரங்கத்துல என் வீடு எரியுது! பக்கத்து வீட்டுலேர்ந்து இப்பதான் சொன்னாங்க'ன்னு. பொய் போன் கால் நிறைய வரும். அதனால நம்பரைக் கேட்டு, திருப்பிக் கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் வண்டி எடுப்போம். அவர் பதட்டத்துல கடை நம்பருக்குப் பதிலா வீட்டு நம்பரைச் சொல்லிட்டார் போல. ஒரு பொம்பளை எடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'தீயா? இன்னும் அடுப்பே பத்த வைக்கலைங்களே. அம்பத்திமூணு மணி முடிச்சுட்டுத்தான் காபி'ன்னாங்க. அம்பத்திமூணு மணி எந்தக் கடிகாரத்துலம்மா இருக்கு? ஏதோ லூஸுன்னு, பொய்க் கால்னு எழுதிட்டேன். அப்புறம் பாத்தா... நெசமாவே எரிஞ்சுபோச்சு! நீ ராங் நம்பர் சுத்திட்டேன்னு என் தலையில கட்டிட்டாங்க."

மறுபடியும் சிரிப்பு.

டோரதி கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கடிகார மணி இல்ல பாய். இந்த மணி. அம்பத்திமூணு. அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாசம். இதை முடிக்காம எங்க செல்வமேரி அக்கா அடுப்புகிட்ட போகமாட்டா."

சிரிப்பு அறுந்தது.

ஸ்தனிஸ்லாஸ் எழுந்தே விட்டார்.

"அப்ப... தீப்பிடிக்கறதுக்கு முன்னாடியே தீன்னு சொன்னது யாரு?"

"என் அத்தான் சார்."

சகாயநாதன்! மருந்துக்கடை முதலாளி. 'போன் பண்ணேனே, வண்டி வரலையே!' என்று அக்காவின் சவப்பெட்டிமேல் விழுந்து புரண்டவன்.

ஸ்டவ்வில் பெட்ரோல் வாடை வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தது இப்போதுதான் டோரதிக்கு உறைத்தது.

மனைவி காபி போடும் நேரத்தைத் துல்லியமாகக் கணக்குப் போட்டவன், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே போகாதவன்... அவள் ஜெபத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை!

'அந்த அழுகையை நம்பித்தானே நானும் தலையாட்டினேன்...'

அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. சில்லென்று, நிதானமாக.

ஸ்தனிஸ்லாஸ் போலீசுக்கு டயலைச் சுழற்றினார். டோரதி வெளியே வந்தாள்.

வாசலில் ஸ்கூட்டர். சகாயநாதன் பல் தெரியச் சிரித்தான்.

"ஏறு டோரதி. புடவை எடுக்கணும்ல?"

"மணி என்ன அத்தான்?"

"நாலு."

"தப்பு. அம்பத்திமூணு."

"என்ன உளர்றே?"

"அக்கா கடைசியா போன்ல சொன்ன மணி. உங்க போன் வந்தப்புறம்."

சிரிப்பு அப்படியே நின்றது. பற்கள் மட்டும் உள்ளே போக மறந்திருந்தன.

"அது... அதெல்லாம் இப்ப எதுக்கு? ஞாயித்துக்கிழமை கோயில்ல நம்ம கல்யாண ஓலையை வாசிச்சு எல்லாருக்கும் அறிவிக்கணும். சாமியார்கிட்ட சரின்னு சொல்லிடலாமா?"

"வேணாம் அத்தான்," என்றாள் மெதுவாக. "உங்க ஓலையைக் கோர்ட்டுல வாசிக்கட்டும்!"