ஒன்பது நிமிஷக் கார்டு

"அப்ப, நான் பரோட்டா கேட்டதுல இருந்து இலைக்கு வர்ற வரைக்கும் ஆகுற நேரம்..."

"லீட் டைம், மேடம்."

"மாஸ்டர் மாவைக் கையில எடுத்ததுல இருந்து இலைக்கு வர்ற வரைக்கும்?"

"சைக்கிள் டைம்."

"நடுவுல பசியோட சும்மா உக்காந்திருக்கேனே. அதுக்கு என்னம்மா பேரு?"

ஜனனி கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு கிடையாது மேடம். அதை யாரும் பார்க்குறதில்ல."

இன்ஸ்பெக்டர் நாகவல்லி தலையாட்டினார்.

இருவருக்கும் பத்தடி தள்ளி, முற்றத்துக் கல்லில், வெள்ளைத் துணிக்குக் கீழே சொக்கலிங்கம் கிடந்தார்.

சொக்கு சார். வயது நாற்பத்தாறு. வீடும் அவருடையது, கம்பெனியும் அவருடையது. மாலை நாலு முப்பத்தைந்துக்கு இரண்டாம் மாடியிலிருந்து, சாய்ந்து நின்ற மரக் கைப்பிடியோடு சேர்ந்து விழுந்தவர்.

கானாடுகாத்தானில் அறுபது அறை வீடு. ஐம்பத்தெட்டு அறைகளுக்குப் பூட்டு. ஒன்றில் காவல்காரர் முத்துராமன். ஒன்றில் நாலு கம்ப்யூட்டரும் ஜனனியும்.

கம்பெனியின் மற்றவர்கள் சென்னையில், கோவையில், அவரவர் வீட்டில். பகல் முழுக்க அவர்கள் குரல் ஜனனியின் ஹெட்போனுக்குள் வந்து போகும். கழற்றி வைத்தால்... புறாக்கள் மட்டும்.

"ஏழு மணிக்குப் பாடிய எடுக்க வண்டி வருது," என்றார் நாகவல்லி. "கைப்பிடியைக் கம்பி போட்டுக் கட்டினது முத்துராமன். கட்டு அவுந்திருக்கு. ஆளு போயிட்டாரு. அதான் முத்துராமனை ஜீப்ல உக்கார வச்சிருக்கேன்."

"அவரு மேல தப்பில்ல மேடம்."

"அதைத்தான் அரை மணி நேரமாச் சொல்றே. பரோட்டாக் கதையெல்லாம் கேட்டாச்சு. இப்ப ஆளைக் காப்பாத்து, பார்ப்போம்."

ஜனனி லேப்டாப்பைத் திருப்பினாள்.

திரையில் மூன்று கட்டங்கள். 'செய்யணும்', 'நடக்குது', 'முடிஞ்சது'. உள்ளே சின்னச் சின்னக் கார்டுகள்.

"ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. ஆரம்பிச்சா நடுக் கட்டத்துக்கு இழுக்கணும். முடிச்சா கடைசிக் கட்டத்துக்கு. எத்தனை மணிக்கு இழுத்தோம்னு அதுவே குறிச்சுக்கும். ஆபீஸ் ரிப்பேருக்கும் இதே போர்டுதான். இந்தக் கார்டைப் பாருங்க."

'இரண்டாம் மாடி கைப்பிடி ஆடுது.' எழுதியவர்: மாயக்கண்ணன்.

"யாரு இது?"

"பக்கத்து சீட்டு."

அவள் கார்டிலிருந்த அந்தப் பெயரை விரலால் தொட்டாள்.

"இந்த வீட்டுச் சுவரு தடிமன். அங்குட்டு மாடியில நின்னாத்தான் சிக்னல். போன் பேசப் போறவுக எல்லாம் அந்தக் கைப்பிடியில சாஞ்சுதான் பேசுவாக. ஆடுதுன்னு இவரு கார்டு போட்டாரு. அது முதக் கட்டத்துலயே கிடந்துச்சு. நாப்பத்தோராவது நாள்... அவரே விழுந்துட்டாரு."

"செத்துட்டாரா?"

"மதுரை ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்தாரு. போனைப் பார்த்துக்கிட்டே நடந்தான்னு சொக்கு சார் எழுதிக் குடுத்தாக. அப்புறம்தான் முத்துராமண்ணன் கம்பியால கட்டினாரு. கார்டு அப்படியேதான். இன்னையோட இருநூத்திப் பன்னெண்டு நாள்."

"இன்னைக்கு என்னாச்சு?"

"நாலு ரெண்டுக்கு 'நடக்குது'. நாலு பதினொண்ணுக்கு 'முடிஞ்சது'. ரெண்டு தடவையும் இழுத்தது சொக்கு சார் அக்கவுண்ட்."

நாகவல்லி புருவத்தை உயர்த்தினார்.

"நாளைக்கு ஹோட்டல்காரவுக வீட்டைப் பார்க்க வர்றாக மேடம். கம்பி அசிங்கமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. அவுகளே அவுத்துட்டு, கார்டையும் முடிச்சதாப் போட்டுட்டு... நாலரைக்கு கிளையண்ட் போன் வரவும் பழக்கத்துல போய்ச் சாஞ்சுட்டாக. முத்துராமண்ணன் கட்டினா, அது தானா அவுறாது."

"அப்ப விபத்து."

"ஆமா மேடம்."

"முத்துராமன் ஜீப்ல இருந்து இறங்கலாம்."

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு," என்ற நாகவல்லி, தலையை நிமிர்த்திக் குரல் கொடுத்தார். "காளிராஜ்... ஆச்சாய்யா?"

இரண்டாம் மாடியிலிருந்து ஏட்டு எட்டிப் பார்த்தார். கைப்பிடியைத் தொடாமல்.

"ஆச்சு மேடம். நீங்க சொன்ன மாதிரி நாலு முடிச்சும் கட்டி அவுத்தேன். அவுக்க மட்டும் ஏழு நிமிஷம். மாடி ஏறி இறங்க ரெண்டு. நகம் போனதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"ஏழும் ரெண்டும் ஒன்பது," என்றார் நாகவல்லி.

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார்.

"சொக்கு பையில இருந்துச்சு. காரைக்குடி பெட்ரோல் பங்க் பில்லு. நேரம், நாலு எட்டு. அப்ப இங்க கம்பியை அவுத்தது அவரு இல்ல."

ஜனனியின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.

"போன்லயே கார்டை இழுத்திருப்பாக மேடம். கம்பியை... வந்த பிறகு..."

"இருக்கலாம். ஆனா சொக்கு எப்படி இழுப்பாருன்னு உன் ரிப்போர்ட்லயே இருக்கே."

நாகவல்லி திரையை மேலே தள்ளினார். சொக்குவின் கார்டுகள். நூற்று நாற்பத்து மூன்று. சைக்கிள் டைம்: இரண்டு செகண்டு. மூன்று செகண்டு. இரண்டு செகண்டு...

"என்னம்மா இது, மந்திரமா?"

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு கிளையண்டுக்கு ரிப்போர்ட் போகும். அதுக்கு முன்னால, வாரமெல்லாம் முடிச்ச வேலையை மொத்தமா இழுப்பாக. நடுக் கட்டத்துல வச்சு உடனே எடுத்துருவாக. சைக்கிள் டைம் கம்மியாத் தெரியும். எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாருமா?"

மேலே ஒரு புறா சிறகடித்து அடங்கியது.

"நான் பார்த்துட்டேன். நிஜமா ஆரம்பிக்கிறப்ப இழுத்து, நிஜமா முடிக்கிறப்ப இழுக்குற ஆளு உங்க போர்டுல ஒண்ணே ஒண்ணுதான். நாப்பது நிமிஷம், பதினாறு நிமிஷம், ரெண்டு மணி நேரம். ஆபீஸ்லயே மெதுவுன்னு திட்டு வாங்குற ஆளு."

ஜனனி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொக்கு பேர்ல இந்தக் கார்டு மட்டும் ஒன்பது நிமிஷம். அவரு கம்ப்யூட்டர் எப்பவும் திறந்தே கிடக்கும்னு நீதான் சொன்னே. அடுத்தவன் பேர்ல பொய் எழுதுறப்பக்கூட நேரத்தை உண்மையாக் குறிச்சிருக்கியே, தாயி."

ஜனனி திரையில் அந்த எண்ணையே பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல.

"பழக்கம், மேடம்."

"எதுக்கும்மா?"

"மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்குற சத்தம் இருக்குல்ல... அஞ்சு மாசமா இந்த வீட்டுல அது ஒண்ணுதான் எனக்குக் கேக்குது. மாயக்கண்ணன் தண்ணி பாட்டில் இன்னும் பக்கத்து மேஜையிலதான் இருக்கு. ஒருத்தர் கூட எடுத்துட்டுப் போகல. எடுக்க யாரு இருக்கா?"

நாகவல்லி பில்லை மடித்துப் பையில் வைத்தார்.

"போன வெள்ளிக்கிழமை மீட்டிங்ல சொக்கு சார் சொன்னாக. நம்ம டீம் சைக்கிள் டைம் மூணு செகண்டு, எல்லாரும் கை தட்டுங்கன்னு. தட்டினாக. பதினோரு வீட்ல இருந்து என் காதுக்குள்ள தட்டினாக மேடம். மாயக்கண்ணன் கார்டு காத்துக் கிடந்த நாளு... அது எந்த ரிப்போர்ட்லயும் வரல."

வாசலில் வண்டி வந்து நின்றது. மணி ஏழு.

ஜீப்பிலிருந்து முத்துராமனை இறக்கினார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டபடி, உள்ளேயிருந்து நடந்து வரும் ஜனனியைப் புரியாமல் பார்த்தார்.

"ஏத்தா, நீ எங்க போறே?"

அவள் ஜீப்பின் படியில் கால் வைத்தாள். நின்றாள். திரும்பினாள்.

"மேடம், ஒரு வேலை பாக்கி."

"என்ன?"

"கைப்பிடி இன்னும் சரியாகல. கார்டு முடிஞ்சதாப் பொய்யா நிக்குது. ரெண்டே செகண்டுதான் ஆகும்... திரும்ப முதக் கட்டத்துக்கு இழுத்து வச்சுட்டு வந்துடட்டுமா?"